சும்மா பார்க்கப் போன மலை

1

"அப்பா, ஞாயிற்றுக்கிழமை கொடிமலைக்குப் போறோம். வெயில் ஏறதுக்கு முன்னாடி கிளம்பணும். நீங்களும் வாங்க."

அவ்வளவுதான். என் மகள் மரகதம் ஒரு மலைப் பயணத்தைத் திட்டமிட்டு முடித்துவிட்டாள். நான் காப்பிக் கோப்பையை வாயிலிருந்து எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் பாடம் சொல்லிக் கொடுக்கும் பள்ளிக்கூடத்துப் பெண்கள் சிலர், அவளைப் போலவே இரண்டு இளம் ஆசிரியைகள், ரொட்டி, வாழைப்பழம், தண்ணீர். அடிவாரம் வரை பஸ். அங்கிருந்து நடை. உச்சியில் நின்று கடலையும் நகரத்தையும் பார்ப்பது. கால் வலித்தவர்கள் மலை ரயிலில் இறங்கலாம். யாரும் யாரையும் எதற்கு என்று கேட்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாத கோபம்.

நான் இந்தப் பினாங்குத் தீவுக்கு வந்து பாதி ஆயுள் ஆகிவிட்டது. துறைமுகத்தில் ஒரு கிடங்கில் கிராணி வேலை. நம் ஊர்ப் பேச்சில் கணக்குப்பிள்ளை. ரப்பர் மூட்டைகளும் பாக்கு மூட்டைகளும் என்னைக் கேட்டுக்கொண்டுதான் கப்பல் ஏறுகின்றன. என் பிள்ளைகள்தான் கேட்பதில்லை. சின்னவனிடம் சாப்பிட்டாயா என்றால் "சுடா" என்கிறான். மலாய் பாஷையில் ஆயிற்று என்று அர்த்தமாம். நான் ஒவ்வொரு நாளும் எது சுட்டது என்று பதறிப்போய்க் கேட்கிறேன். ஒவ்வொரு நாளும் அவன் சிரிக்கிறான்.

தைப்பூசக் கூட்டம் வடிந்த வாரம் இது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே தை மாதத்தில் நானும் ஒரு மலைப் பயணத்துக்குத் திட்டம் போட்டேன். தர்மபுரிக்குப் பக்கத்தில் அதியமான்கோட்டையில், என் அக்காள் வீட்டுக் கொல்லையில் நின்றுகொண்டு போட்டேன். அது என்ன ஆயிற்று என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இதைப் படிக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் எனக்கு உறவு. மீதிப் பேர் அந்த உறவுக்கு உறவு. கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள். கோபமெல்லாம் எழுதுகிற என்னிடமே இருக்கட்டும்.

2

அதியமான்கோட்டையில் பிறந்தவன் விடிந்ததும் கிழக்கே பார்த்தால் வத்தல்மலை. விடியலில் அது ஒரு கறுப்புக் கோடு. பொழுது அதன் முதுகில் ஏறி எட்டிப் பார்க்கும்போது நீலம். உச்சிப்பொழுதில் சாம்பல். மேற்கு வெயில் முகத்தில் அடிக்கிற நேரத்தில் ஒவ்வொரு மடிப்பும் ஒவ்வொரு பாறையும் கைநீட்டித் தொடலாம்போல் கிட்டே வந்து நிற்கும். மழை வருமா என்று கேட்க அந்த மலையைப் பார்ப்போம். மாடு எந்தப் பக்கம் போயிற்று என்று தேட அந்த மலையைப் பார்ப்போம். அந்த மலையிலிருந்து பார்த்தால் நாம் எப்படி இருப்போம் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. எனக்கும் தோன்றியதில்லை.

தோன்றியது பினாங்கில். வந்த புதிதில் கிடங்குக்காரர்கள் எங்களைக் கொடிமலைக்குக் கூட்டிப் போனார்கள். மலை ரயில் பல்லியைப்போல் ஒட்டிக்கொண்டு ஏறிற்று. மேலே நின்று பார்த்தேன். நகரம் உள்ளங்கை அளவு. நான் பகலெல்லாம் மூச்சு முட்டுகிற கிடங்கு ஒரு தீப்பெட்டி. அந்தத் தீப்பெட்டிக்குள் துரை போடும் சத்தம் மேலே கேட்கவில்லை. சுற்றிலும் கடல், ஒன்றும் பேசாமல் கிடந்தது. மனசு ஒரு பஞ்சுப் பொதிபோல் லேசாயிற்று. அடுத்த கணமே கனத்தது. பிறந்த ஊரை இப்படிப் பார்த்ததில்லையே என்று. பருந்துக்குத் தெரிந்த ஊர் எனக்குத் தெரியாதே என்று.

அன்றிலிருந்து ஆசை. ஒருநாள் வத்தல்மலை ஏறி, விளிம்பில் நின்று, எங்கள் ஊரை மேலிருந்து ஒரு தடவை பார்க்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

ஊருக்கு விடுப்புக் கிடைத்தபோது மூத்தவள் மரகதத்தை மட்டும் கூட்டிக்கொண்டேன். என் மனைவி பையன்களோடு பினாங்கில் தங்கிவிட்டாள். கப்பல் துறையில் வழியனுப்ப வந்தவள் அழவில்லை. ஒன்றே ஒன்று சொன்னாள்.

"கூட்டிட்டுப் போற மாதிரியே கூட்டிட்டு வாங்க."

ஏன் அப்படிச் சொன்னாள் என்பது உங்களில் பலருக்குப் புரியும். என் அக்காளுக்கு ஒரே மகன், சின்னசாமி. மரகதத்துக்கு அத்தை மகன். முறை மாப்பிள்ளை. மரகதத்துக்கோ ஆசிரியைப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. குறித்த கப்பலில் திரும்பாவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும்.

3

மொரப்பூரில் பெரிய ரயிலை விட்டு இறங்கித் தர்மபுரிக்குச் சின்ன ரயில். அது மூச்சு வாங்கி ஒவ்வொரு மேட்டிலும் நிற்க, மரகதம், "அப்பா, இறங்கித் தள்ளணுமா?" என்று கேட்டாள். ஸ்டேஷனில் அக்காள் மாட்டு வண்டியோடு காத்திருந்தாள். மாமா தவறிப்போன பிறகு நிலம், மாடு, மகன் மூன்றையும் ஒரே கயிற்றில் பிடித்து ஓட்டுகிறவள். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"என்ன தம்பி, பாதியாப் போயிட்ட. அங்க சோறு போடறதில்லியா?" என்றாள். பிறகு மரகதத்தின் கன்னத்தை வழித்துச் சொடுக்குப் போட்டாள். "எம் மருமவ மட்டும் நல்லா இருக்கறா."

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தவுடன் மரகதம் செய்த முதல் காரியம், "சின்னசாமி, குடிக்கத் தண்ணி எங்க இருக்கு?" என்று கேட்டதுதான்.

அக்காள் கையிலிருந்த முறம் அப்படியே நின்றது. "பேரைச் சொல்லாத சாமி. மாமான்னு கூப்புடு."

"ஏன் அத்தை? அவர் எனக்கு மாமா இல்லையே?"

"இல்லாட்டி என்ன. ஆயிருவான்."

சின்னசாமி காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போய்விட்டான். நிறைந்த குடம் பக்கத்திலேயே இருந்தது.

அன்று சாப்பிடும்போது என் திட்டத்தைச் சொன்னேன். கேளுங்கள், எவ்வளவு சின்னத் திட்டம். நான், மரகதம், வழி காட்டச் சின்னசாமி. விடியலில் வண்டி. அடிவாரத்தில் அவிழ்த்துவிட்டு ஏற்றம். விளிம்பில் நின்று பார்ப்பது. கட்டுச்சோறு. இறக்கம். பொழுது சாய வீடு.

"மலைக்கா? எதுக்கு?" என்றாள் அக்காள்.

"பாக்கத்தான்."

"என்னத்த?"

"ஊரைத்தான், அக்கா. மேல நின்னு."

அக்காள் ரசத்தை ஊற்றினாள். "ஊரைப் பாக்க மலைக்குப் போறவன நான் இப்பத்தான் பாக்கறேன். ஊருக்குள்ள ஒரு சுத்து சுத்து. எல்லாம் பாக்கலாம்."

சின்னசாமி தலை நிமிராமல், "காட்டிலாகாவுல கேக்கணும் மாமா. இப்பெல்லாம் மலை அவங்களுது," என்றான். அவன் சொன்னது சரிதான். நான் போன பிறகு மலைக்கு ஒரு ஆபீஸ் வந்திருந்தது.

4

ஆபீஸ் என்றால் எனக்குப் பயமில்லை. பினாங்கில் கரையிறங்க வேண்டுமென்றால் ஜெரஜாக் தீவில் கொண்டுபோய் அடைத்து, வாயைத் திற, கண்ணைத் திற, கையைத் தூக்கு என்று சோதித்து அனுப்புவார்கள். அதையெல்லாம் பார்த்த ஆள் நான். தர்மபுரியில் ஒரு குமாஸ்தா என்னை என்ன செய்துவிடுவார் என்று போனேன்.

குமாஸ்தா வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். மரியாதையான மனிதர். பெஞ்சியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"மலைக்கு என்ன காரியமாப் போறீங்க?"

"பாக்க."

"யார?"

"யாரையும் இல்லீங்க. மேல நின்னு கீழ பாக்க."

அவர் மென்றதை நிறுத்தினார். "கீழதான இருக்கறீங்க. இங்கயே பாத்துக்கலாமே."

நான் கொடிமலையைப் பற்றிச் சொன்னேன். ரயிலைப் பற்றி, வெள்ளைக்காரர்கள் குடும்பத்தோடு வந்து கடலைப் பார்ப்பதைப் பற்றி. அவர் முழுவதும் கேட்டார். பிறகு மிகவும் பொறுமையாக, காது கேட்காதவனிடம் பேசுவதுபோல் கேட்டார்.

"வெறகா?"

"இல்லீங்க."

"மேய்ச்சலா?"

"மாடே இல்லீங்க."

"தேனு, கடுக்கா, மூங்கிலு?"

"ஒண்ணும் எடுக்க மாட்டோங்க. வெறுங்கையோட போயி வெறுங்கையோட வருவோம்."

இதைக் கேட்டபோதுதான் அவர் முகத்தில் முதன்முதலாகச் சந்தேகம் வந்தது. மலையிலிருந்து வெறுங்கையோடு இறங்குகிறேன் என்று ஒருவன் தானாக வந்து சொன்னால் அவன் எதையோ பெரிதாக எடுக்கப் போகிறான் என்று அர்த்தம். மறுநாள் வரச் சொன்னார். மறுநாள் போனால் சந்தைக்குப் பாப்பாரப்பட்டி போயிருந்தார். அதற்கு மறுநாள் இருந்தார். அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டார். நானும் அதே பதில்களைச் சொன்னேன்.

"அப்பிடின்னா ஒண்ணுதாங்க மிச்சம். மேல மலைச்சாமி கோயிலு இருக்குது. சாமி கும்புடப் போறீங்கன்னு எழுதிக்கட்டா?"

வெளியே வெயில். உள்ளே வெற்றிலை வாசனை. எனக்கு விடுப்பு ஓடிக்கொண்டிருந்தது.

"சரி. சாமின்னே வெச்சுக்குங்க," என்றேன்.

5

சாமி பேரைச் சொல்லி அனுமதி வாங்கினேன் என்று தெரிந்ததும் அக்காள் அடுப்பை விட்டு எழுந்து வந்தாள்.

"அப்ப சாமி கும்புடாம வர முடியாது. வூடு வெளங்காது."

"ஒரு தேங்காய் உடைச்சா போச்சு, அக்கா."

"மலைச்சாமிக்குத் தேங்காயோட போவாங்களா? பொங்கல் வெக்கணும். சேவல் வேணும். மூணு பேராப் போவக் கூடாது. செருப்புப் போடக் கூடாது." அவள் மரகதத்தின் கான்வாஸ் காலணியைக் காலால் ஒதுக்கினாள். மலை ஏறுவதற்கென்றே பினாங்கில் தேடி வாங்கியது அது.

மரகதம் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அக்காளும் சேவலும் சேர்ந்து, மூன்று பேர் ஐந்து பேரானோம்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த வீட்டில் கெம்பம்மா என்று ஒரு அம்மாள். வீட்டில் கன்னடம், வெளியே தமிழ், சண்டைக்கு இரண்டும். கிணற்றடியில் மரகதத்தைப் பிடித்துக்கொண்டாள். நான் தள்ளி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. குறுக்கே பேசியிருக்க வேண்டும்.

"மலைக்குப் போறியாமே கண்ணு? எதுக்கு?"

மரகதத்துக்குப் பினாங்கு வார்த்தைதான் முதலில் வந்தது. "ஜாலான் ஜாலான், அக்கா."

மலாய்க்காரர்களிடம் அதற்கு ஒரு வார்த்தை இருக்கிறது, பாருங்கள். காரியமில்லாமல் நடப்பது. காற்று வாங்கவும் இல்லை, கடைக்கும் இல்லை. கால் போகிறது, கண் கூடப் போகிறது. நம்மிடம் ஆயிரம் வார்த்தை இருந்தும் அதற்கு ஒன்று இல்லை. சும்மா என்று ஒன்று வைத்திருக்கிறோம். அதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை.

"ஜாலியா?" என்றாள் கெம்பம்மா. கன்னடத்தில் ஜாலி என்றால் கருவேல மரம். "ஜாலி வெட்டவா அவ்வளவு தூரம்? இங்கயே ஏரிக்கரை பூரா கெடக்குதே. முள்ளு ஏறிருமே, புள்ள."

"மரம் இல்ல அக்கா." மரகதம் தமிழைத் தேடிப் பிடித்தாள். "பாக்க. பாக்கப் போறோம்."

"பாக்கவா? யாரு யாரு?"

"நான், அப்பா, சின்னசாமி. அத்தையும் வர்றாங்க. சேவல்கூட வருது."

கெம்பம்மா இரண்டு கன்னத்திலும் கைவைத்துக்கொண்டாள். குடத்தைக்கூட எடுக்காமல் போனாள்.

நம் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வயதுக்கு வந்த பெண்ணும் முறைப் பையனும் பெரியவர்களோடு சேவல் எடுத்துக்கொண்டு சாமி மலைக்குப் பார்க்கப் போகிறார்கள் என்றால், அது பூப் போட்டுப் பார்ப்பது. கல்லின் தலையில் ஈரப்பூவை ஒட்டுவார்கள். வலப்பக்கம் விழுந்தால் கல்யாணம். இடப்பக்கம் விழுந்தால் இல்லை. என் மகள் கிணற்றடியில் நின்று, தன் வாயால், தன் கல்யாணத்துக்குப் பூப் பார்க்கப் போகிறேன் என்று ஊருக்குச் சொல்லிவிட்டாள். ஒரு வார்த்தையால். அதுவும் சரியான தமிழ் வார்த்தையால். வீட்டில் பத்து வருஷமாகத் தமிழ் பேசு தமிழ் பேசு என்று அவள் தலையில் குட்டியவன் நான்.

சாயங்காலத்துக்குள் உறவுச் சனம், ஒறம்பரை எல்லாம் கூடிவிட்டது. இரண்டு வண்டி, மூன்று வண்டி என்றார்கள். யாரோ பந்தலுக்கு மூங்கில் விசாரித்தார்கள்.

6

அக்காளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில், அவள் வரட்டி தட்டிக்கொண்டிருக்கும்போது.

"அக்கா, நான் பாக்கறதுன்னது வேற."

"தெரியும் தம்பி."

"தெரியுமா? அப்ப ஏன் எல்லாரையும் கூட்டற?"

"நீயா வாயெடுத்துக் கேக்க மாட்ட. நானாக் கேட்டா நீ சிரிச்சுக்கிட்டே கப்பல் ஏறிருவ. இப்ப சாமிகிட்டக் கேக்கறோம். சாமி வேண்டாம்னா நானே வண்டி கட்டி அனுப்பறேன்." அவள் வரட்டியைச் சுவரில் அறைந்தாள். "மாமா செத்ததுக்கு நீ வரல. கப்பல் இல்லன்ன. அம்மா செத்ததுக்கு வரல. லீவு இல்லன்ன. பொண்ணு இங்க இருந்தா வருவ. கப்பலும் இருக்கும், லீவும் இருக்கும்."

அவள் கேட்டது என் மகளை அல்ல, என்னை. கயிறுதான் மரகதம்.

மரகதத்திடம் போனேன். போகவே வேண்டாம், உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்றேன். அவள் காலணியின் நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பூ வலது பக்கம் விழுந்தா நான் இங்க இருக்கணுமாப்பா?"

"அப்படித்தான் சொல்லுவாங்க."

"நீங்க என்ன சொல்லுவீங்க?"

ஒரு மலை. ஒரே ஒரு மலை. அதன் மேல் நின்று கீழே பார்க்க ஆசைப்பட்டவனை எங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள், பாருங்கள். "பயிற்சிக்கு நீ போற," என்றேன். என் குரல் எனக்கே நம்பிக்கையாகக் கேட்கவில்லை. அவளுக்கும் அப்படித்தான் கேட்டிருக்கும்.

"ஆனா மலைக்குப் போலாம்பா," என்றாள். "நீங்க எவ்வளவு வருஷமா சொல்லிட்டிருக்கீங்க."

7

மூன்று வண்டிகள் போயின. அடிவாரத்தில் அவிழ்த்து ஏறினோம். வெறுங்கால். பினாங்கின் சிமெண்டுத் தரையில் வளர்ந்த என் மகளின் பாதத்தை ஒவ்வொரு கூழாங்கல்லும் விசாரித்தது. காலணியை நாடாவில் முடிந்து தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். பாத்திரம், விறகு, அரிசி, சேவல். பேச்சு. பேச்சு. பேச்சு. ஒருவராவது திரும்பிக் கீழே பார்க்க வேண்டுமே. நான் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் ஒரு மாமன் முதுகைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

கோயில் என்பது ஒரு நாவல் மரம், அதன் கீழே ஒரு நெட்டுக்கல். பூசாரி மலையிலேயே குடியிருந்து சாமை, ராகி விதைக்கிறவர். அறுவடைத் தூசி தலையில் அப்படியே இருந்தது. விளிம்பு எங்கே என்று கேட்டேன். கோயிலுக்கு மேலே கையைக் காட்டினார். ஒரு பாறை முகடு. ஒரு கூப்பிடு தூரம். அவ்வளவுதான். பாதி ஆயுள் நினைத்த இடம் ஒரு கூப்பிடு தூரத்தில் இருந்தது.

"மொதல்ல பூ," என்றாள் அக்காள்.

பூசாரி சிவப்பு அரளியை நனைத்துக் கல்லின் உச்சியில் ஒட்டினார். வலப்பக்கம் விழுந்தால் சம்மதம் என்றார்.

"யாருக்கு வலப்பக்கம்?" என்று கேட்டேன். எனக்கு ஒன்றும் விளங்காமல் இருந்துவிடக் கூடாது.

"சாமிக்குத்தாங்க. உங்களுக்கு இடது. மொதல்லயே சொல்லிக்கறது நல்லதுங்க. அப்பறம் சண்டை வருது. பூ விழறப்ப பொண்ணு சாமிக்கு எதுக்க இருக்கணும். பொண்ணோட அப்பன் எந்திரிக்கக் கூடாது."

உட்கார்ந்தோம். அக்காளும் நானும் முன்னால், பக்கத்தில் பக்கத்தில். பின்னால் மற்றவர்கள். பொங்கல் கொதிக்கிற சத்தம். அன்று காற்று இல்லை. நாவல் மரத்தில் ஒரு இலை அசையவில்லை. பூ கல்லோடு பிறந்ததுபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. வெயில் ஏறிற்று. ஒரு மாமன் குறட்டை விட்டார். பூவைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண்ணில் சிவப்பு மிதந்தது. தலைக்கு மேலே ஒரு கூப்பிடு தூரத்தில் என் ஊர் முழுவதும் விரித்து வைத்திருக்க, நான் ஒரு பூவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கக் கூடாதாம்.

மரகதம்தான் எழுந்தாள். "அத்தை, நான் மேல போயிப் பாத்துட்டு வந்துடறேன்."

"சாமி தலைக்கு மேல ஏறி நிக்கறதா?"

பூசாரி கொட்டாவி விட்டார். "ஆடே நிக்குது, ஆயா. புள்ள நின்னா என்ன. பூவு ஈரமா இருக்குது. பொழுது சாஞ்சாத்தான் காயும்."

அக்காள் யோசித்தாள். கெஞ்சுகிற குழந்தையைப் பார்ப்பதுபோல் மரகதத்தைப் பார்த்தாள். "கூப்புட்டதும் ஓடியாரணும். டேய் சின்னசாமி, கூடப் போ. கூட்டிக்கிட்டு வா."

இருவரும் ஏறிப் போனார்கள். கோயிலைத் தாண்டியதும் அவள் உட்கார்ந்து காலணியை மாட்டிக்கொண்டாள். அவன் அதுவரை நின்றான்.

அவர்கள் தலை பாறைக்குப் பின்னால் மறைந்து கொஞ்ச நேரம்தான் இருக்கும். பூவின் ஒரு இதழ் கல்லை விட்டு எழுந்தது. அக்காள் என் கையைப் பிடித்தாள். பிறகு எழுந்து நின்று கத்தினாள். மரகதம் என்று, சின்னசாமி என்று. மலை இரண்டு பெயரையும் திருப்பிச் சொல்லிற்று. பின்னாலிருந்த எல்லாரும் சேர்ந்து கூப்பிட்டார்கள். குறட்டை விட்ட மாமன்கூடக் கூப்பிட்டார். பாறையில் ஒரு தலையும் தெரியவில்லை.

பூ விழுந்தது. வலப்பக்கம். சாமிக்கு வலப்பக்கம்.

அக்காள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். கன்னத்தில் தண்ணீர் ஓடிற்று. "சொல்லிருச்சு. சாமி சொல்லிருச்சு."

பூசாரி பூவை எடுத்துப் பார்த்து, மேலே பார்த்து, தலையைச் சொறிந்தார். "சொல்லுச்சுங்க. கேக்க வேண்டியவ இல்லியே."

"திரும்ப வையி."

"ஒரு கேள்விக்கு வருசத்துக்கு ஒரு பூத்தான், ஆயா. அடுத்த தைக்கு வாங்க."

கும்பிட்ட கையை அக்காள் இறக்கிய பிறகுதான் அவர்கள் இறங்கி வந்தார்கள். ஓடி வரவில்லை. நடந்து வந்தார்கள்.

"கூப்புட்டது காதுல விழலியாடா?"

சின்னசாமி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "மேல காத்து எச்சா அடிக்குது, அம்மா. ஒண்ணும் கேக்கல."

அக்காள் நாவல் மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். அசையாத இலைகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

நான் மேலே போய் வருகிறேன் என்று எழுந்தேன். "பொழுது சாஞ்சா கரடி எறங்குங்க," என்றார் பூசாரி. பாத்திரங்களைக் கழுவிக் கட்டிவிட்டார்கள். இறங்கினோம். வண்டியில் அக்காள் ஒரே ஒரு தடவை பேசினாள். "செருப்புப் போட்டுக்கிட்டு ஏறினா இப்பிடித்தான்."

நான் பார்க்கவில்லை. ஏறினேன், இறங்கினேன், என் ஊரை மேலிருந்து பார்க்கவில்லை. குறித்த கப்பலில் திரும்பினோம். ஜெரஜாக்கில் வாயைத் திறந்து காட்டினோம். துறையில் என் மனைவி மகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், ஏதாவது குறைந்திருக்கிறதா என்று.

8

அடுத்த தையில் சின்னசாமிக்குப் பாப்பிரெட்டிப்பட்டியில் பெண் பார்த்து முடித்தார்கள். பூப் பார்க்கவில்லை என்று கேள்வி. நான் போகவில்லை. ஐரோப்பாவில் சண்டை வந்துவிட்டது, கப்பல் நிச்சயமில்லை. பெண் அங்கே இல்லாவிட்டால் எனக்குக் கப்பலும் இருக்காது என்று அக்காள் சொன்னது சரியாகிவிட்டது. அவள் எப்போதும் சரியாகத்தான் சொல்கிறாள். அதுதான் எரிச்சல்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கொடிமலைக்குப் போனேன். பிள்ளைகள் முன்னால் ஓடினார்கள். ஒருவருக்கும் பூ வேண்டியிருக்கவில்லை, சேவல் வேண்டியிருக்கவில்லை. மேலே நகரம் அதே உள்ளங்கை. கிடங்கு அதே தீப்பெட்டி. துறையில் சாம்பல் நிறப் போர்க்கப்பல்கள் இரண்டு நின்றன. நான் பிடிவாதமாக வடமேற்கே பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே கடல்தான் இருந்தது.

மரகதம் வந்து பக்கத்தில் நின்றாள்.

"இன்னும் கோவமாப்பா?"

"பின்ன? நீயாவது பாத்த. ஏரி தெரிஞ்சுதா? சின்ன ரயில்? வூடு?"

"ஊரே தெரியலப்பா. காத்தில்லாம ஒரே பனிமூட்டம். வெள்ளைத் துணி போட்டு மூடின மாதிரி."

இரண்டு வருஷமாக நான் பொறாமைப்பட்ட காட்சி அதுதான்.

"அப்ப அவ்வளவு நேரம் அங்க என்ன பண்ணின?"

"கோயில் தெரிஞ்சுது. நீங்களும் அத்தையும் தெரிஞ்சீங்க. பக்கத்துல பக்கத்துல, கல்லுக்கு முன்னாடி, ரெண்டு சின்னப் பிள்ளைங்க மாதிரி உக்காந்திருந்தீங்க. அத்தை உங்க கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அதைத்தான் பாத்தேன்."

"கூப்பிட்டது கேட்டுதா?"

"எல்லாம் கேட்டுது. நான் ஓடப் பாத்தேன். மாமா விடல. பாறைக்குப் பின்னால தலையைத் தாழ்த்திக்கிட்டு நில்லுன்னாங்க."

"வேற என்ன சொன்னான்?"

"‘நல்லாப் பாத்துக்க, இனி எப்பப் பாக்கப் போற’ன்னாங்க. அவங்க மட்டும் கீழ பாக்கவே இல்லப்பா."

பிள்ளைகள் ரொட்டி கேட்டுக் கூப்பிட்டார்கள். அவள் போய்விட்டாள். அவள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. சின்னசாமியை அவள் மாமா என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.